இறுக்க விகிதமும் ஆக்டேன் எண்ணும்: பழைய மோட்டார் சைக்கிள்களின் எரிபொருள் வரலாறு

ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினின் இறுக்க விகிதம், அது உருவான காலத்தில் அந்நாட்டில் கிடைத்த பெட்ரோலின் தரத்தைக் காட்டும் ஆவணமாகவே கொள்ளத்தக்கது. மெக்கானிக்குகள் ‘கம்ப்ரஷன்’ என்று சொல்லும் இவ்விகிதம், உருளைக்குள் இழுக்கப்பட்ட காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலேறி எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பதைக் குறிக்கும். விகிதம் கூடக்கூட அதே அளவு பெட்ரோலிலிருந்து கூடுதல் விசை கிடைக்கும் என்பது தொடக்கம் முதலே பொறியாளர்கள் அறிந்ததுதான். ஆயினும் அதைக் கூட்டவிடாமல் தடுத்தது இரும்பின் வலிமைக்குறைவு அன்று, எரிபொருளின் பொறுமைக்குறைவே.

ஸ்பார்க் பிளக்கில் தோன்றும் பொறியிலிருந்து தீ படிப்படியாகப் பரவுவதே முறையான எரிதல். தீ இன்னும் எட்டாத மூலையில் இருக்கும் கலவை, மேலும் மேலும் நெருக்கப்பட்டுச் சூடேறி, தீ வருமுன் தானாகவே ஒரே கணத்தில் வெடித்துவிடுமானால் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழும்; இதுவே ‘நாக்கிங்’. ஆளேற்றிய வண்டி மேட்டில் திணறும்போது, கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் இவ்வோசை தெளிவாகக் கேட்கும். நெடுநாள் இதைப் பொறுத்துக்கொண்ட பிஸ்டனின் மேற்பரப்பு விளிம்பு, உப்புக்காற்று அரித்த சுவர்போலப் புள்ளிபுள்ளியாகக் குழிந்திருக்கும்.

குற்றம் எஞ்சினில் இல்லை, எரிபொருளில் இருக்கிறது என்பதை முறையாக நிறுவியவர்களில் முதன்மையானவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ. ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுக்க விகிதத்தை மாற்றக்கூடிய E35 என்னும் ஆய்வு எஞ்சினை 1919-ல் அமைத்து, ஒவ்வோர் எரிபொருளும் எந்த இறுக்கம் வரை தாங்குகிறது என்று அவர் அளந்தார். அமெரிக்காவில் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி, 1921 டிசம்பரில், டெட்ராஎத்தில் லெட் என்னும் ஈயச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்தாலே நாக்கிங் அடங்குவதைக் கண்டறிந்தார். ஈயம் என்ற சொல்லையே தவிர்த்து, ‘எத்தில்’ என்ற பெயரில் 1923-ல் அது விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே அதைத் தயாரித்த நியூ ஜெர்சி ஆலையில் தொழிலாளர் ஐவர் ஈய நஞ்சேறி இறந்தனர். அதன் பிறகும் அவ்வாணிகம் முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் நிலைத்தது என்பது தொழில் வரலாற்றின் கறைகளுள் ஒன்று.

1920களின் பிற்பகுதியில் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர் வகுத்த அளவுகோலே ஆக்டேன் எண். நாக்கிங்கை நன்கு எதிர்க்கும் ஐசோ-ஆக்டேனுக்கு 100, சற்றும் எதிர்க்காத ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, ஒரு பெட்ரோல் இவ்விரண்டின் எந்தக் கலவையைப் போல நடந்துகொள்கிறதோ அக்கலவையிலுள்ள ஐசோ-ஆக்டேனின் சதவீதமே அதன் எண்ணாயிற்று. ஆகவே அது அடக்கத்தின் அளவேயன்றி ஆற்றலின் அளவன்று. எண் கூடினால் வேகம் கூடும் என்ற பரவலான நம்பிக்கைக்கு இந்த அளவுகோலில் இடமே இல்லை. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் சொல்லப்படுவது ‘ஆய்வு ஆக்டேன்’ எனப்படும் முறையில் அளந்த எண். அமெரிக்க பங்க்குகளில் எழுதியிருப்பதோ இருவேறு முறைகளில் அளந்தவற்றின் சராசரி. அங்குள்ள 87 ஏறத்தாழ இங்குள்ள 91-க்குச் சமம் என்பதை அறியாமல் அயல்நாட்டுக் கையேட்டைப் பின்பற்றுவோர் தடுமாறுவது இயல்பே.

இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் பிரிட்டனில் எல்லாக் கம்பெனிகளின் பெட்ரோலும் ஒன்றாகக் கலக்கப்பட்டு, ‘பூல்’ என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டது. சுமார் 70 ஆக்டேன் மட்டுமே கொண்ட அந்த எரிபொருளே 1953 தொடக்கம் வரை அந்நாட்டுச் சாலைகளில் ஓடியது. போருக்கென லட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட பிஎஸ்ஏ எம்20 வண்டியின் இறுக்க விகிதம் 4.9 மட்டுமே. 1949-ல் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து வெளிவந்த ராயல் என்ஃபீல்டு புல்லட் 350-ம் இப்பஞ்சகாலத்தின் பிள்ளைதான்: 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட அதன் ஒற்றை உருளைக்கு 6.5 என்ற விகிதமே வகுக்கப்பட்டது. நல்ல பெட்ரோல் திரும்பிய பின் பிரிட்டிஷ் வண்டிகளின் விகிதம் மளமளவென உயர்ந்தது; 1959-ல் வந்த டிரையம்ஃப் பானவில் 8.5-ஐ எட்டியது, 1972-ன் நார்ட்டன் கமாண்டோ காம்பாட் 10-ஐத் தொட்டது. ஆனால் 1955-ல் சென்னைத் திருவொற்றியூரில் வேர்கொண்ட புல்லட், தாய்த் தொழிற்சாலை மூடப்பட்ட பின்னும் பல பத்தாண்டுகள் அதே 6.5-ஐ மாற்றாமல் காத்தது. ஆங்கிலேயர் அவசரத்துக்கு வகுத்த அடக்கம், இந்தியச் சாலைகளுக்குத் தற்செயலாகவே பொருந்திப்போனது.

இந்தியாவில் ஈயமற்ற பெட்ரோல் 1995-ல் நான்கு பெருநகரங்களில் அறிமுகமாகி, 2000 பிப்ரவரியிலிருந்து நாடெங்கும் அதுவே விற்கப்பட்டது. எரியும்போது படிந்த ஈயம், புகைபோக்கும் வால்வு உட்காரும் வளையத்துக்கு மெல்லிய காப்பாகவும் இருந்தமையால், அது நீங்கியதும் பழைய எஞ்சின்களில் அவ்வளையம் தேயுமென்ற அச்சம் எழுந்தது. நெடுந்தூரம் உச்ச வேகத்தில் ஓட்டப்படும் வண்டிக்கு இவ்வச்சம் நியாயமானது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்சுற்றும் புல்லட்டுக்கு மிகையானது.

இன்றைய சிக்கல் வேறு. 2023-ல் தொடங்கிப் பரவியுள்ள 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் எண் 95; புல்லட்டின் 6.5 விகிதத்துக்கு இது தேவைக்கு மிகவும் மேற்பட்டது. ஆனால் எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால், பழைய கார்புரேட்டரின் துளைகள் அளந்து விடும் கலவையில் பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் சூடேறுகிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சுவதால் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்கிறது. பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் ஊறிப்போகின்றன. இவற்றில் எதையும் ஆக்டேன் எண் தீர்க்காது. இத்தகைய வண்டியில் நாக்கிங் கேட்டால் பெரும்பாலும் பற்றவைப்பு நேரம் முந்தியிருக்கும், அல்லது பிஸ்டன் தலையில் கரி பொருக்காகப் படிந்து இறுக்கத்தைக் கூட்டியிருக்கும். பழைய புல்லட் வைத்திருப்போர் 100 ஆக்டேன் பெட்ரோலுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண்செலவே. அப்பணத்தை எத்தனால் தாங்கும் குழாய்களுக்கும், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டை ஒரு சுற்றுப் பெரிதாக மாற்றவும், பற்றவைப்பு நேரத்தைத் தீர்மானிக்கும் பாயின்ட் இடைவெளியைச் சரிபார்க்கும் மெக்கானிக்கின் கூலிக்கும் கொடுப்பதே தகும்.