கடைசி வரிசைக்கும் கேட்ட பாட்டு

1965 ஆகஸ்ட் 15. நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாட்டைக் கேட்க 55,000-க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். பாடகர்களின் குரலோ, பேஸ்பால் ஆட்ட அறிவிப்புக்காக மாட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் வந்தது. ரசிகைகள் போட்ட கூச்சலில் அது எந்த மூலைக்கு? டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டாருக்கே பாட்டு கேட்கவில்லை. முன்னால் நின்ற சக கலைஞர்களின் தலையாட்டலையும் இடுப்பசைவையும் பார்த்துத்தான் தாளம் போட்டார். இதற்கு ஒரு முடிவு கட்டக் கிளம்பியவர்கள், ஒரு சுவரையே எழுப்பினார்கள்!

1974-ல் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு மேடைக்குப் பின்னால் நிறுத்திய ஸ்பீக்கர் சுவரின் எடை 75 டன். பாடகரின் முதுகிலேயே அவ்வளவு ஸ்பீக்கர் இருந்தால் மைக் ஊளையிடாதா? ஆளுக்கு இரண்டு மைக்கை எதிரெதிர் மின்முனையில் இணைத்துவைத்து, ஒன்றில் மட்டும் பாடினார்கள். இரண்டிலும் சமமாக நுழைந்த சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போனது. பலே மூளை! தூரத்தில் நின்றவர்களுக்கும் பாட்டு தெளிவாகக் கேட்டது. ஆனால் ஊர் ஊராகத் தூக்கிச் சுமந்த செலவு கழுத்தை நெரிக்க, அந்த ஆண்டு முடிவதற்குள் சுவர் மூட்டை கட்டப்பட்டது. அதன் சூட்சுமம் பலத்தில் மட்டும் இல்லை, ஸ்பீக்கர்களை நெட்டுக்குத்தாக அடுக்கிய விதத்திலும் இருந்தது.

அடுத்து வந்தவர்கள் பெட்டிகளைப் பக்கவாட்டிலும் குவித்தார்கள். அலைகள் மோதிக்கொண்டன, நாலடி நகர்ந்தால் பாட்டே மாறிக் கேட்டது. முன்வரிசைக்குக் காது கிழிந்தது, பின்வரிசைக்கு முணுமுணுப்புதான் மிஞ்சியது. அப்போது களத்துக்கு வந்தவர் ஒலிப்பொறியாளர் அல்ல, பிரான்சில் துகள் இயற்பியல் படித்த கிறிஸ்டியன் ஹைல்.

சாதாரண ஸ்பீக்கரின் ஒலி, தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். நெட்டுக்குத்தாக அடுக்கிய ஸ்பீக்கர்கள் ஒரே கோடாக ஒலித்தால், குறிப்பிட்ட தூரம்வரை 3 டெசிபல்தான் இழப்பு. ஒலியியல் பொறியாளர் ஹாரி ஓல்சன் 1957-லேயே இந்த அடுக்கைப் பற்றி எழுதியிருந்தார். சிக்கல் கீச்சுக் குரலில் இருந்தது. 10,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. அடுத்தடுத்த ஒலிமூலங்களின் இடைவெளி அதிலும் பாதிக்குள் இருந்தாக வேண்டும். ஸ்பீக்கருக்குள் ஒலியை எழுப்பும் டிரைவரோ அதைவிடப் பல மடங்கு பருமன்!

டிரைவரை ஒடுக்க முடியாது. ஆகவே ஹைல் அதன் வாயை மாற்றினார். வட்ட வாயில் கிளம்பிய ஒலியை ஒரு கூம்பைச் சுற்றி ஓடவிட்டு, நீண்ட பிளவு வழியே வெளியேற்றினார். எந்தப் பக்கம் ஓடினாலும் ஒரே தூரம் என்பதால், பிளவின் உச்சியிலும் அடியிலும் ஒலி ஒரே கணத்தில் எட்டிப் பார்த்தது. இயற்பியலாளர் மார்செல் ஊர்பானுடன் சேர்ந்து 1992-ல் கணக்கை வெளியிட்டார். அவரது எல்-அகூஸ்டிக்ஸ் நிறுவனத்தின் வி-டாஸ்க் பெட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கத் தொடங்கின.

போட்டி நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன. கச்சேரி மேடையின் இருபுறமும் கறுப்பு வாழைப்பழம்போல் வளைந்து தொங்கும் ‘லைன் அரே’ இப்படித்தான் பிறந்தது. அந்த வளைவும் அழகுக்கு அல்ல: அடிப்பெட்டிகள் முன்வரிசையைப் பார்க்கும், மேலே இருப்பவை கடைசி வரிசையை.