முதல் இழுப்பு, இரண்டாம் இழுப்பு

"அண்ணா, இதுல எது ரொம்ப லேசு? அதையே வாங்கிடறேன்" என்று போனை நீட்டினான் தம்பி. மதுரைக்காரன். ஒஹாயோவில் எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் நான் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள். பழைய ரைஃபிள் ஒன்றை வாங்கியிருந்தான். குழல் நல்ல குழல். விசைதான் கல்லாக இருந்தது. குழலை மேல்நோக்கி நிறுத்தி, விசையில் எடைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஆறே கால் பவுண்டு வந்தபிறகுதான் விட்டது. ஒன்பது பவுண்டு ரைஃபிளை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆறே கால் பவுண்டை ஒற்றை விரலால் இழுக்கச் சொன்னால் குறி எப்படி நிற்கும்?

போனில் ஐந்து ட்ரிக்கர்கள் இருந்தன. எல்லாமே ரைஃபிள் செய்த கம்பெனி அல்லாத வேறு யாரோ செய்தவை. இப்படி ஒரு தொழில் ஏன் பிறந்தது என்று தெரிந்தால் எதை வாங்குவது என்பதும் தெரிந்துவிடும் என்றேன். அன்று அவனிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் விசையைக் கற்றது கோயம்புத்தூரில், கல்லூரி என்.சி.சி.யில். பழைய பாயிண்ட் 303. "முதல் இழுப்பு, நிறுத்து. மூச்சு. இரண்டாம் இழுப்பு" என்பார் ஹவில்தார். முதல் இழுப்பு நீளமாக, இலகுவாக வரும். பிறகு சுவர் மாதிரி ஓர் இடத்தில் முட்டி நிற்கும். அந்தச் சுவரைத் தாண்டினால் வெடி. பின்னாளில் பீளமேட்டில் டூல்ரூம் ஃபிட்டராக இருந்தபோதுதான் அதன் உள்கணக்கு புரிந்தது. விசையின் மேல்முனையில் இரண்டு மேடுகள். முதல் மேடு, ஊசியைப் பிடித்திருக்கும் கொக்கியைப் பெரும்பகுதி கீழே இறக்கிவிடும். இரண்டாம் மேடு மிச்சமிருக்கும் துளியை விடுவிக்கும். ஓடி விழுந்து எழும் சிப்பாயின் துப்பாக்கி தானாக வெடிக்கக் கூடாது என்பதால் கொக்கி ஆழமாகப் பிடித்திருக்க வேண்டும். அதே சிப்பாய் குறிபார்க்கும்போது அந்த ஆழம் தொல்லை. இரண்டுக்கும் சேர்த்துச் செய்த ஏற்பாடு இது.

அந்த 303-இல் ஒரு குறை இருந்தது. விசையின் அச்சு துப்பாக்கியின் உடம்பில் இல்லை, அடியிலிருக்கும் விசைக்காப்பில் இருந்தது. நடுவில் மரக்கட்டை. மழைக்காலத்தில் மரம் ஊறினால் விசைக்கும் கொக்கிக்கும் உள்ள இடைவெளி மாறும், இழுப்பும் மாறும். வடகிழக்குப் பருவமழையில் நடந்த ஒரு முகாமில் என் குண்டுகள் சிதறின. என் விரல்தான் சரியில்லை என்று நாள் முழுக்க நொந்துகொண்டேன். நான்காம் எண் ரைஃபிளின் இரண்டாம் மார்க்கில், 1949-இல், அச்சை உடம்போடு சேர்த்து அதைச் சரிசெய்தார்கள். எங்கள் கையில் இருந்தவை அதற்கு முந்தியவை.

போர்த் துப்பாக்கிக்கு எது தேவையோ அது குறிசுடுகிறவனுக்குத் தேவையில்லை என்பதை ஜெர்மானியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். குறுக்குவில் காலத்திலேயே அவர்களிடம் 'ஷ்டெஹர்' என்ற இரட்டை விசை உண்டு. பின்விசையை இழுத்தால் உள்ளே ஒரு குட்டிச் சுத்தி வில்லோடு ஏறி உட்காரும். முன்விசையை விரல் தொட்டால் போதும், குட்டிச் சுத்தி பாய்ந்து கொக்கியைத் தட்டிவிடும். ஆக, கொக்கியை விடுவிப்பது விரலின் பலம் அல்ல, முன்பே ஏற்றிவைத்த வில்லின் பலம். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜெர்மானியர் இதைக் கூடவே கொண்டுவந்தார்கள். 200 கஜத்தில் நின்றபடி சுடும் ஷூட்சன் போட்டிகளில் இந்த விசைதான். முதல் உலகப் போரில் ஜெர்மன் வாடையே ஆகாது என்றானபோது அந்தக் கிளப்புகள் பெரும்பாலும் மங்கிப்போயின.

இங்கிலாந்தில் 1860-இல் விம்பிள்டனில் தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் போட்டியை விக்டோரியா ராணி தொடங்கிவைத்தார். விட்வொர்த் ரைஃபிளை ஒரு தாங்கியில் இறுக்கிப் பொருத்தி, விசையில் ஒரு பட்டுக்கயிறு கட்டியிருந்தார்கள். ராணி கயிற்றை இழுத்தார். 400 கஜத்தில் குண்டு ஏறக்குறைய நடுப்புள்ளியிலேயே விழுந்தது. அதைப் படித்த நாளிலிருந்து அந்தப் பட்டுக்கயிறு என் நினைவை விட்டுப் போகவில்லை. விசை செய்தவர்கள் எல்லோரும் தேடியது அதைத்தான்: கையின் சேதி துப்பாக்கிக்குப் போகக் கூடாது.

இன்றைய தொழில் பிறந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. திரும்பிவந்த சிப்பாய்களோடு மவுசர்கள் வந்தன. ராணுவ உபரியாக ஸ்பிரிங்ஃபீல்டுகள் மலிவாகக் கிடைத்தன. அருமையான போல்ட்டுகள், பட்டாள விசைகள். 1946-இல் ஆலன் டிம்னி இவற்றுக்கு மாற்று விசை செய்யத் தொடங்கினார். டென்வரில் மாத்யூ கேன்ஜர், நெவாடாவின் ஈலி என்ற சின்ன ஊரில் கார்ல் கென்யன். 1919-இல் நியூ ஜெர்சியின் கால்டுவெல் போட்டிகளில் முதன்முதலாகக் காட்டப்பட்ட வின்செஸ்டர் 52-ஐ வைத்திருந்தவர்கள், அதற்கு ஒரு கென்யன் விசை கிடைத்தால் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். இவையெல்லாம் சின்னப் பட்டறையிலிருந்து வந்த பெயர்கள். பெரிய தொழிற்சாலை லட்சம் துப்பாக்கிக்கு ஒரே விசையைச் செய்யும்போது விடுகிற இடைவெளியில்தான் ஒரு நல்ல ஃபிட்டரின் பிழைப்பு இருக்கிறது. அதை நான் பீளமேட்டிலும் பார்த்தேன், இங்கேயும் பார்க்கிறேன்.

தொழிற்சாலைக்குள்ளிருந்தும் ஒருவர் முயன்றார். ரெமிங்டனின் மைக் வாக்கர். தானே பெஞ்ச்ரெஸ்ட் (துப்பாக்கியை மேசையில் வைத்துச் சுடும் போட்டி) சுடுகிறவர், பாயிண்ட் 222 தோட்டாவை வடிவமைத்தவர். 1948-இல் வந்த 721 மாடலில் அவருடைய விசை இருந்தது. அதற்குள்ளே, விசையோடு ஒட்டாமல், ஒரு மெல்லிய எஃகுத் தகடு வில்லின் தயவில் நிற்கும். கொக்கியைத் தாங்குவது அதுதான். வெடித்ததும் தகடு முன்னே விலகி வழிவிடும். கண்ணாடிக் குச்சியை ஒடிப்பது போன்ற விடுப்பு. முன்பக்கம் இரண்டு திருகுகள், ஒன்று எடைக்கு, ஒன்று வெடித்தபின் விசை ஓடும் தூரத்துக்கு. பின்பக்கம் ஒன்று, கொக்கி எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதற்கு. நல்ல விடுப்பு வேண்டும் என்றால் அந்தப் பிடிப்பு இருபது தௌ, அதாவது அரை மில்லிமீட்டர் அளவுதான்.

ஆனால் விலகிய தகடு ஒவ்வொரு முறையும் சரியாகத் தன் இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். தூசியோ உறைந்த எண்ணெயோ இடையில் புகுந்தால் திரும்பாது. இதனால் விரல் படாமலே வெடித்தது என்று பல குடும்பங்கள் நீதிமன்றம் போயின. வடிவமைப்பில் குறையில்லை என்றே கம்பெனி சொல்லிவந்தது. இதைத் தடுக்க ஒரு கூடுதல் ஏற்பாட்டை 1948-லேயே வாக்கர் யோசனையாகக் கொடுத்திருந்தார் என்பது வழக்கு ஆவணங்களில் வெளிவந்தது. தன் கைவேலையின் ஆபத்தைத் தானே எழுதிக்கொடுத்த அந்த மனிதரை நான் மதிக்கிறேன். அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட வழக்குகளுக்குப் பயந்து தொழிற்சாலைகள் விசையை இறுக்கிக்கொண்டே போயின. இறுக இறுக, மாற்று விசைக்காரர்களுக்கு வேலை கூடியது. டெக்சஸின் ஆர்னால்ட் ஜுவல் பெஞ்ச்ரெஸ்ட்டுக்கென்று செய்தவை இரண்டு அவுன்ஸுக்கும் கீழே இறங்கும். மேசையில் மணல்மூட்டை மேல் கிடக்கும் துப்பாக்கிக்கு அது சரி. தோளில் ஏந்திச் சுடும் புதியவனுக்கு அல்ல.

இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன், இன்னொரு மைதானத்தில், என் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர் விசையைத் தானே கல்லில் தேய்த்து லேசாக்கியிருந்தார். போல்ட்டை வேகமாகத் தள்ளி மூடினார். வெடித்தது. குண்டு எங்களுக்கு முன்னே புல்தரையைக் கிழித்துக்கொண்டு போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த மனிதர் அதற்குப் பிறகு ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை, முகத்தைப் பாயில் புதைத்துக்கொண்டு கிடந்தார். மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட எஃகு அது. தேய்த்தால் தோல் போய்விடும், அடியில் இருப்பது மெத்து. முனை மழுங்கிக் கொக்கி நழுவும். என் தொழிலில் இருந்தவன் பார்த்த உடனே சொல்லியிருப்பான். அன்று காலை அதை வாங்கிப் பார்க்காமல் விட்டேனே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அமெரிக்கத் தொழிற்சாலைகளின் கதை இப்படி என்றால், ஜெர்மனியின் உல்மில் நடந்தது வேறு மாதிரி. துரிங்கியாவின் ஸெல்லா-மேலிஸில் 1856-இல் தொடங்கிய ஆன்ஷூட்ஸ் குடும்பத் தொழில், போருக்குப் பின் அந்த ஊர் சோவியத் பகுதியில் சிக்கியதால், உல்மில் மறுபடி முளைத்தது. அவர்களுடைய 54 வரிசைப் போட்டி ரைஃபிள்களின் விசையைக் கழற்ற வேண்டிய தேவையே வரவில்லை. அதே பழைய இரண்டு இழுப்புதான், ஆனால் கிராம் கணக்கில்.

என் தீர்மானமும் அதுதான். லேசு என்பது இரண்டாம் பட்சம். இன்றைக்கும் நாளைக்கும், வெயிலிலும் குளிரிலும், அதே இடத்தில் அதே மாதிரி விட வேண்டும். போட்டி விதியும் பார்க்க வேண்டும். பழைய ராணுவக் காரண்ட் ரைஃபிளோடு கேம்ப் பெர்ரியின் தேசியப் போட்டிக்குப் போனால் விசை நாலரை பவுண்டைத் தாங்க வேண்டும். 300 மீட்டர் ஸ்டாண்டர்ட் ரைஃபிளுக்கு 1500 கிராம். 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு வரம்பே இல்லை. தம்பி போவது கிளப் போட்டிக்குத்தான். இரண்டு இழுப்பு விசை, மொத்தம் இரண்டு பவுண்டு, முதல் இழுப்பிலேயே பாதிக்கு மேல் போய்விட வேண்டும். போனில் இருந்த ஐந்தில் அப்படி ஒன்றுதான். விலையில் நடுவாந்தரம்.

போன ஞாயிறு பொருத்தினோம். விசையைப் பிடித்திருக்கும் இரண்டு ஆணிகளைத் தட்டி எடுத்து, பழையதைக் கழற்றி, புதியதை வைத்துத் திரும்பத் தட்டினேன். தோட்டா இல்லை என்று அறையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டோம். போல்ட்டைப் பத்து முறை ஓங்கி அறைந்து மூடச் சொன்னேன். பிறகு அடிக்கட்டையை ரப்பர் பாயில் குத்தினோம். ஒருமுறையும் விடவில்லை. எடையைத் தொங்கவிட்டேன், இரண்டு பவுண்டு ஓர் அவுன்ஸ். அப்புறம் அவன் படுத்து, கன்னத்தைப் பதித்து, மெதுவாக இழுத்தான்.

"அண்ணா, ஒரு சுவர் மாதிரி நிக்குது."

"அங்கேயே நில்லு. மூச்சு விடு" என்றேன்.