327 ரூபாய் 67 காசு

1993 தீபாவளிக்கு முந்தின வாரம். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் (பெயர் வேண்டாம்) கணக்குப் பிரிவில் இருந்தேன். கூலிக் கணக்கை டர்போ சி-யில் எழுதிக் கணினியில் ஏற்றியிருந்தோம். சனிக்கிழமை சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்த ஒரு அக்கா கேட்டார்: "என்ன தம்பி, நாந்தான் கம்பெனிக்குக் குடுக்கணுமா?"

சீட்டில் மைனஸ் 305.36. வரவேண்டியதோ, கூலியும் பண்டிகை முன்பணமும் சேர்த்து 350 ரூபாய். அவர் பின்னால் வரிசை நீண்டிருந்தது. பேரேட்டைப் பார்த்து அன்று கையாலேயே சீட்டு எழுதிக் கொடுத்தோம். கடைசி ஆள் போகும்போது இருட்டிவிட்டது.

இரவு டீபக்கரைப் போட்டு வரி வரியாக நகர்த்தினேன். காசு பிசகக்கூடாதென்று கூலியைப் பைசாவில் வைத்திருந்தேன், என் புத்திசாலித்தனம்! டர்போ சி-யில் 'இன்ட்' என்பது 16 பிட். 32,767-க்கு மேல் ஒன்று கூடினால் மைனஸ் 32,768-க்குப் புரண்டுவிடும். 35,000 பைசா மைனஸ் 30,536 ஆகிவிட்டது. அதுவரை எந்த வாரமும் யாருக்கும் 327 ரூபாய் 67 காசைத் தாண்டியதில்லை. அதனால்தான் பிழை ஒளிந்திருந்தது.

'இன்ட்'டை 'லாங்' ஆக்கினால் முடிந்தது என்று நினைத்தேன். அச்சிடும் வரியிலும் 'டி'யை 'எல்டி' ஆக்கவேண்டும். அதைவிடத் தொல்லை, பழைய கோப்பு: அதில் கூலிக்கு இரண்டு பைட் இடந்தான். நான்கு பைட்டாக மாற்றி எழுதத் தனி நிரல் வேண்டியிருந்தது. விடிந்துவிட்டது.

1996 ஜூன் 4-ல் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி 40 விநாடிக்குள் சிதறியது. 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் திணித்ததே காரணம் என்று படித்தபோது சிரிப்பு வரவில்லை. நம்மூர் ராக்கெட்டே பரவாயில்லை என்றார் நண்பர்.

'லாங்' என்றால் 32 பிட். 2,14,74,83,647 வரை தாங்கும். இது போதாமல் போகும் என்று அன்று யார் நினைத்தது? அதே எண்தான் கோப்புகளுக்கு 2 ஜிபி என்ற சுவர் ஆயிற்று. 1996-ல் யூனிக்ஸ் கம்பெனிகள் கூடிப்பேசி, கோப்பின் அளவை 64 பிட்டில் வைக்க வழி வகுத்தன. ஆனால் பழைய முறையில் தொகுத்த டீபக்கரால் 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பைத் திறக்க முடியாது. பிழை தேடும் கருவியையே முதலில் திருத்தவேண்டும்.

நேரத்தை 32 பிட்டில் எண்ணும் பழைய கருவிகள் இன்னும் உண்டு. அவற்றுக்குக் கெடு 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8.44.

அந்த அக்கா அடுத்த வாரச் சீட்டையும் என்னிடம் நீட்டி, "இது பிளஸ்தானே தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.