பேரீச்சம்பழத்துக்குப் போகாத பெட்டி

தஞ்சைப் பக்கம் "குப்பை அடிச்சாச்சா?" என்று கேட்டால், வயலுக்கு எரு போட்டாயிற்றா என்று அர்த்தம். சாணியும் சாம்பலும் கூளமும் கொல்லையில் மக்கி, கோடையில் வண்டியேறி வயலுக்குப் போகும். ஓட்டை விழுந்த பித்தளைக் குடம் உருகி நாச்சியார்கோவிலில் குத்துவிளக்காகலாம். துருப்பிடித்த இரும்புக்குப் பேரீச்சம்பழக்காரர் வருவார். எனக்குத் தெரிந்து, வீட்டுச் சாமான் எதுவானாலும் திரும்பிப்போக ஒரு வழி இருந்தது.

அந்த வழி அடைபட்ட இடம் என்று நான் நினைப்பது கலைஞர் டிவி. சேனலைச் சொல்லவில்லை, பெட்டியைச் சொல்கிறேன். 2006 தேர்தலில் திமுக வாக்களித்து, ஆட்சிக்கு வந்ததும் கொடுக்கத் தொடங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். திருக்குவளைக்காரர் கொடுத்த பெட்டி டெல்டாவின் கூரை வீடுகளுக்கும் வந்தது. இதைக் கேலி பேச எனக்கு மனமில்லை. அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று படம் பார்த்தவர்கள் சொந்த வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து பார்த்தார்கள். அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அது பின்பக்கம் புடைத்த பழைய மாடல். எக்ஸ் கதிர் வெளியே வராமலிருக்க அந்த வகைப் படக்குழாயின் கண்ணாடியில் காரீயம் கலப்பார்கள். அளவைப் பொறுத்துச் சில நூறு கிராமிலிருந்து சில கிலோ வரை இருக்கும். ஒருகாலத்தில் பழைய குழாயின் கண்ணாடியைப் புதுக் குழாய் செய்ய எடுத்துக்கொண்டார்கள். தட்டை டிவி வந்து, குழாய் செய்வதே நின்றதும் அதுவும் போயிற்று. காயலான் கடையில் செம்புக் கம்பியை உருவிக்கொள்வார்கள்; கண்ணாடி யாருக்கும் வேண்டாம். வாய்க்கால் வழியே கடைமடை வரை தண்ணீர் ஓடுகிற நாட்டில், கரையில் கொட்டியது கரையோடு நிற்குமா?

தயாரித்தவரே பழசைத் திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்ற மின்கழிவு விதிகள் 2012 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்குள் பெட்டிகள் வீடு சேர்ந்துவிட்டன. அடுத்த ஆட்சியில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, லேப்டாப் வந்தன. கொடுப்பதற்கு ரேஷன் கார்டு, டோக்கன், பட்டியல் எல்லாம் இருந்தன. திரும்ப வாங்குவதற்கு?

ஊர் ஊராக நெல் கொள்முதல் நிலையம் திறந்து, மூட்டை மூட்டையாக எடைபோட்டு வாங்கத் தெரிந்த அரசு இது. அறுவடை முடிந்த ஒரு வாரம், அதே தராசில் பழைய டிவியையும் ஏற்றி, கையில் காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டால் என்ன?