சக்கரம் நின்ற பிறகு

1990 தொடக்கம் 1995 வரையான யாழ்ப்பாணத்தைப் பற்றி யார் கதைத்தாலும் சைக்கிள் டைனமோ வந்துவிடும். கவிழ்த்து வைத்த சைக்கிள், பெடலைக் கையால் சுற்றும் ஒரு பெடியன், பக்கத்தில் பாட்டுப்பாடும் றேடியோ. கதைகளிலும் நினைவுக் குறிப்புகளிலும் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பொய்யில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அது முதல் ஒரு வருசம் மட்டும்தான் நடந்தது. பிறகு சுற்றுவது ஒரு நேரம், கேட்பது வேறொரு நேரம் என்றாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு சாண் அகலப் பலகை. அதில் நாலு டயோட்டு, ஒரு கொண்டென்சர், ஒரு ரோச் பல்ப். டைனமோவுக்குக் கிடைத்த புகழில் கால்வாசிகூட அந்தப் பலகைக்குக் கிடைக்கவில்லை.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. கூடவே பொருளாதாரத் தடை. பெற்றோல், சீமெந்து, உரம் என்று நீண்ட பட்டியலில் ரோச் பற்றரியும் இருந்தது. கண்ணிவெடியை வெடிக்க வைக்க இரண்டு பற்றரி போதும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. அது பிழையான கணக்கும் இல்லை. ஆனால் அதே இரண்டு பற்றரியில்தான் இரவில் பாம்பு கடித்தவனைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் ஓடவேண்டியிருந்தது. பட்டியல் போட்டவர்களுக்கு பற்றரிக்கு ஒரு பயன்தான் தெரிந்தது.

வெளிச்சத்துக்கு எப்படியோ வழி கண்டுபிடித்துவிட்டோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால் திரியை இழுத்துக் கொளுத்தினால் ஒரு இரவு படிக்கலாம். பிரச்சினை றேடியோதான். அதற்கு மண்ணெண்ணெய் ஊற்ற முடியாது. இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. அதைவிட வெரித்தாஸ், திருச்சி, இலங்கை வானொலி, புலிகளின் குரல். ஒரே சம்பவத்துக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எண்ணிக்கை சொல்வார்கள். மூன்று இடத்தில் கேட்டால்தான் அரைவாசியாவது நம்பலாம் என்பது அம்மாவின் கணக்கு. அதனால் ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம் றேடியோ ஓடவேண்டும்.

முதலில் எல்லாரும் செய்ததையே நாங்களும் செய்தோம். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்தோம். ஆணியால் துளைபோட்டு உப்புத்தண்ணி விட்டோம். இதை மூடநம்பிக்கை என்று சிரிப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. சாதாரண பற்றரிக்குள் நாகத் தகட்டுக்கும் கரிக் குச்சிக்கும் நடுவில் ஈரமான பசை இருக்கிறது. பற்றரி 'செத்துப்போவது' பெரும்பாலும் அந்தப் பசை காய்ந்தோ, வேதிப்பொருட்கள் ஓரிடத்தில் தேங்கியோ. சூடு கொஞ்சம் கலக்கிவிடும், உப்புத்தண்ணி கொஞ்சம் நனைத்துவிடும். ஆனால் அது மிச்சத்தைச் சுரண்டி எடுப்பது. புதிதாக எதுவும் உள்ளே போவதில்லை. இரண்டு தரம் செய்தால் நாகம் ஓட்டையாகிக் கசியத் தொடங்கும்.

பிறகுதான் டைனமோ. அது உண்மையில் ஒரு சின்ன அதிசயம். போத்தல் வடிவத்தில் சில்லோடு உரசி ஓடும் அந்தச் சாமானில் 6 வோல்ற், 3 வாற் என்று அடித்திருக்கும். உள்ளே ஒரு காந்தம் சுழல்கிறது, சுற்றிவரக் கம்பிச் சுருள். வேகமாகச் சுற்றச் சுற்ற வோல்ற்றளவு ஏறும். ஆனால் அதே வேகம் சுருளின் தடங்கலையும் ஏற்றுவதால் கரண்ட் கிட்டத்தட்ட அரை அம்பியரில் நின்றுவிடும். சைக்கிள் எவ்வளவு வேகமாகப் போனாலும் பல்ப் எரிந்துபோகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. பற்றரி சார்ஜ் பண்ணுவதற்கும் அதைவிடப் பொருத்தமான குணம் வேறில்லை.

ஆனால் றேடியோவை நேரே அதில் கொளுவினால் வேறு கதை. டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். டயோட்டுப் போட்டாலும் கொண்டென்சர் போட்டாலும் சிற்றலையில் ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும். கசெற் போட்டால் சுற்றுகிறவனின் கை தளரும்போது எஸ்பிபியும் தளர்ந்து ஆழக்குரலில் பாடுவார். பாட்டென்றால் சிரித்துவிட்டுப் போகலாம். செய்தியில் 'பேர்' என்ற சொல்லுக்கு முன்னால் வரும் எண் விழுங்குப்பட்டால் சிரிக்க முடியாது. சுற்றுகிறவருக்குச் சில்லின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது, பக்கத்தில் இருப்பவர்தான் கேட்டுச் சொல்லவேண்டும். இன்னொன்று, அந்த இரைச்சலில் பொம்மர் வரும் சத்தமும் கேட்காது. காதைத் தீட்டிக்கொண்டு வாழ்ந்த காலத்தில் வீட்டுக்குள்ளேயே ஒரு இரைச்சலைக் கிளப்பிக்கொண்டு இருப்பது அம்மாவுக்குப் பிடிக்கவேயில்லை.

எங்கள் ஒழுங்கையில் றேடியோ திருத்துகிற அண்ணர் ஒருவர் இருந்தார். கடையில் கரண்ட் இல்லாமல் கிடந்த ரீவிகளை அவர் கழற்றத் தொடங்கியிருந்தார். சொந்தக்காரர்களிடம் கேட்டுத்தான். இனி எப்போது கரண்ட் வரும் என்று யாருக்கும் நிச்சயமில்லை, 'எடு' என்று சொல்லிவிட்டார்கள். ஒரு ரீவிக்குள் டயோட்டு, கொண்டென்சர், வயர் எல்லாம் இருக்கிறது. மின்சாரம் இருந்த காலத்தின் மிச்சத்தை உடைத்துத்தான் மின்சாரம் இல்லாத காலத்துக்கு சாமான் எடுத்தோம். ஈயம் வைத்து ஒட்டும் செப்புக்கோலைச் சிரட்டைக் கரியில் பழுக்கக் காய்ச்சுவார். பசைக்குக் குங்கிலியம்.

பலகையின் வேலை எளிமையானது. நாலு டயோட்டையும் பாலம்போல இணைத்தால் டைனமோவின் முன்னும் பின்னுமான ஓட்டம் ஒரே திசைக்குத் திரும்பும். அந்த டயோட்டுகளே பற்றரியிலிருந்து கரண்ட் திரும்ப டைனமோவுக்குள் ஓடிப்போகாமல் கதவடைத்தும் நிற்கும். அதன்பின் தொடரில் ஒரு 2.5 வோல்ற், 0.3 அம்பியர் ரோச் பல்ப். மீற்றர் இல்லாத எங்களுக்கு அதுதான் மீற்றர். நன்றாக எரிந்தால் 0.3 அம்பியர் போகிறது, மங்கினால் குறைவு. வெறிபிடித்து மிதித்தால் பல்ப்தான் முதலில் போகும், மற்றதெல்லாம் தப்பும். கொண்டென்சருக்கு இதில் வேலையே இல்லை. அது நேரே கேட்ட காலத்தின் மிச்சம், கழற்ற மனமில்லாமல் விட்டிருந்தோம். பலகையின் மறுமுனையில் ஒரு பழைய மோட்டச்சைக்கிளின் 6 வோல்ற் ஈயப் பற்றரி. அதற்கு விடும் வடிநீருக்குப் பதிலாக, கூரையில் படாத மழைத்தண்ணி.

"தம்பி, பல்ப் எரியுற அளவுக்கு மிதிச்சாக் காணும். உன்ர வீரத்தைக் காட்டாத" என்றார் அண்ணர்.

மிதித்தது நானில்லை, அக்கா. உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள், பௌதிகவியல் நோட்டை ஹான்டிலில் கிளிப் போட்டுக்கொண்டு, ஸ்ராண்டில் நிற்கும் சைக்கிளில் ஏறி மிதிப்பாள். கணக்கும் அவளுடையதே. ஒரு மணித்தியாலம் மிதித்தால் 0.3 அம்பியர்-மணி. சத்தம் குறைத்து வைத்த றேடியோ 50 மில்லி அம்பியர் குடிக்கும், ஆக ஆறு மணித்தியாலம். சார்ஜில் வீணாவதைக் கழித்தால் நாலரை. நாளுக்கு இருபது நிமிசம் மிதித்தால் செய்தி பார்க்கலாம். அதை அரை மணித்தியாலமாக்கினால் ஞாயிற்றுக்கிழமை பாட்டும் கேட்கலாம்.

அண்ணர் ரோச் பற்றரிகளையும் மெல்லிய கரண்டில் சார்ஜ் பண்ணிக் கொடுப்பார். "முழுக்கச் செத்ததைக் கொண்டுவராதேங்கோ, மங்கத் தொடங்கேக்கையே கொண்டு வாங்கோ" என்பது அவருடைய நிபந்தனை. சும்மா கெடுபிடி என்று நினைத்திருந்தேன். பல வருசம் கழித்து அமெரிக்க நியமங்கள் பணியகத்தின் சுற்றறிக்கை ஒன்றைப் பற்றி வாசித்தேன். உலர் பற்றரியைத் திரும்ப சார்ஜ் பண்ணுவதென்றால் ஒரு வோல்ற்றுக்குக் கீழே இறங்க முன்னமே எடுக்கவேண்டும், உடனே சார்ஜில் போடவேண்டும், 12 தொடக்கம் 16 மணித்தியாலம் மெதுவாகக் கொடுக்கவேண்டும், பிறகு வைத்திருக்காமல் பாவித்துவிடவேண்டும் என்கிறது அது. அண்ணர் அதை வாசித்திருக்க வழியில்லை. கெட்டுப்போன பற்றரிகளிடம் படித்திருப்பார்.

இதையெல்லாம் 'எங்கட ஆக்களின்ர மூளை' என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. ஆஸ்திரேலியாவில் ஆல்ஃபிரட் ட்ரேகர் 1929இலேயே காலால் மிதிக்கும் ஜெனரேற்றர் வைத்த வானொலியைச் செய்து, தனித்துக் கிடந்த பண்ணை வீடுகளைப் பறக்கும் வைத்தியரோடு இணைத்தார். அது ஒரு சேவையின் ஆதரவோடு நடந்தது. எங்களுக்கு நெருக்கமான உதாரணம் பொஸ்னியாவின் கொராஷ்டே. நாங்கள் பெடல் மிதித்த அதே வருசங்களில், முற்றுகைக்குள் இருந்த அந்த ஊர்க்காரர்கள் ட்ரினா ஆற்றில் மிதவைகளைக் கட்டி, சக்கரம் பூட்டி, பழைய மோட்டர்களைச் சுழற்றிக் கரண்ட் எடுத்தார்கள். அவர்களும் றேடியோதான் கேட்டார்கள். முற்றுகையிடப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இதைத்தான் செய்கிறார்கள். எங்களுக்கு ஆறு இல்லை, அக்காவின் கால் இருந்தது.

1993 ஜனவரி முதல் வாரம். அப்பா கொழும்பில் வேலை. வருசத்துக்கு இரண்டு தரம் வவுனியா தாண்டி, இரவில் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வருவார். வருசம் பிறந்ததும் வெளிக்கிடுகிறேன் என்று கடிதம் வந்திருந்தது. 2ஆம் திகதி இரவு அந்தக் கடலேரியில் பயணிகள் படகுகள் தாக்கப்பட்டுப் பலர் கொல்லப்பட்டார்கள். அடுத்தடுத்த நாட்களில் எல்லா வானொலியையும் கேட்டோம். எண்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. ஒரு இரவு, தமிழோசை முடிய முன்னமே குரல் மெலிந்து நின்றுவிட்டது. மூன்று நாள் கேட்பதற்கான கரண்டை ஒரே நாளில் குடித்திருந்தோம். அக்கா ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய் இருட்டில் மிதிக்கத் தொடங்கினாள். அம்மா தடுக்கவில்லை. ரோச் பல்பின் மஞ்சள் வெளிச்சம் சுவரில் ஏறியும் இறங்கியும் கொண்டிருந்தது.

எட்டாம் நாள் அப்பா வந்தார். வவுனியாவிலேயே மறித்து வைத்திருந்திருக்கிறார்கள். பையில் எங்களுக்கென்று கொண்டுவந்த இரண்டு பென்ரோச் பற்றரியை ஒரு சோதனைச் சாவடியில் எடுத்துவிட்டார்களாம். "நல்ல காலம், பற்றரியோட விட்டாங்கள்" என்றார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு எல்லாரும் வெளிக்கிட்டபோது ஈயப் பற்றரியைப் பாரம் என்று விட்டுவிட்டோம். பலகையை அக்கா தன் நோட்டுகளோடு வைத்திருந்தாள். மீசாலையில் எங்களுக்கு இடம் தந்த வீட்டில் நாற்பது பேருக்கு மேல். வீட்டுக்காரரிடம் மோட்டச்சைக்கிள் பற்றரி இருந்தது, சைக்கிளில் டைனமோவும் இருந்தது. இரண்டையும் இணைக்கத்தான் ஒன்றுமில்லை. அக்கா பலகையை எடுத்துக் கொடுத்தாள். அவர் விளக்கடியில் பிடித்து இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பிள்ளை, இதில பிளஸ் எந்தப் பக்கம்?"