மின்தேக்கியை மாற்றுதலும் வரலாற்றுச் சான்றும்: பெங்களூரிலிருந்து ஒரு குறிப்பு

பெங்களூரின் சதர் பத்ரப்பா சாலைக்கு (எஸ்.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும்) பழைய கணினித் திரை ஒன்றைப் பழுதுபார்க்கக் கொண்டுசென்றபோது எழுந்த ஐயமே இப்பதிவு. 1980களின் பிற்பகுதியைச் சேர்ந்த ஒற்றைநிற மானிட்டர் அது. இயக்கினால் படத்தின் மேற்பகுதி மடிந்து விழுந்தது, ஓரங்கள் அலையாடின. கடைக்காரர் படக்குழலில் தேங்கியிருக்கக்கூடிய பல ஆயிரம் வோல்ட்டை முதலில் வெளியேற்றினார். பிறகு உள்ளே பார்த்துவிட்டு, "கண்டன்சர் எல்லாம் காஞ்சு போச்சு சார்" என்றார். பாடநூலில் மின்தேக்கி, பொறியியல் வகுப்பில் கெப்பாசிட்டர். வானொலிக் காலத்துப் பழம்பெயர் பழுதுக்கடைகளில் இன்றும் உயிரோடிருக்கிறது.

காய்ந்துபோதல் என்பது இங்கே உருவகமன்று. அலுமினியத் தகட்டின்மீது மெல்லிய ஆக்சைடு படலத்தை வளர்த்து, அதையே காப்புப்பொருளாக்கும் முறைக்குப் போலந்தைச் சேர்ந்த கரோல் போலாக் 1896இல் காப்புரிமை கோரினார். அவர் பயன்படுத்தியது போராக்ஸ் கரைசல். இன்றும் தகடுகளுக்கிடையே மின்பகுநீர் ஊறிய தாள்தான் இருக்கிறது. அந்நீர் ஆண்டுக்கணக்கில் மெல்ல ஆவியாகும். 85 பாகை வெப்பத்தில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று குறிக்கப்பட்ட ஒன்று, வெப்பம் 10 பாகை குறையும்தோறும் ஏறத்தாழ இருமடங்கு காலம் தாங்கும். 45 பாகையில் 32,000 மணி நேரம். நாளுக்கு 8 மணி, ஆண்டுக்கு 300 நாள் எனக் கொண்டால் 13 ஆண்டுகள். அலுவலகத் திரை ஒன்றின் ஆயுளை இக்கணக்கே பெரிதும் தீர்மானித்தது.

மாணவர்கள் பலர் இதனை 2000களின் தொடக்கத்தில் தாய்ப்பலகைகளில் மின்தேக்கிகள் உப்பி வெடித்த நிகழ்வோடு குழப்பிக்கொள்கின்றனர். அது மின்பகுநீரின் வேதிக்குறைபாடு, இது முதுமை. பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தால் பாதுகாப்பு என்பதும் பிழை. மின்னழுத்தமின்றிக் கிடக்கும் படலம் மெலியும். அதனால்தான் நெடுநாள் உறங்கிய கருவியை எடுத்த எடுப்பில் 230 வோல்ட்டில் செருகாமல், டிம்மர்ஸ்டாட் வைத்துச் சிறிது சிறிதாக ஏற்றுவர்.

என் தயக்கம் வேறிடத்தில் இருந்தது. 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட கணினிக் கொள்கைக்குப் பின் இந்நகரில் பெருகிய இயந்திரங்களுக்குள் உண்மையில் எந்நாட்டு உறுப்புகள் இருந்தன? ஜாலஹள்ளியில் 1954இல் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் கறுப்பு வெள்ளைப் படக்குழல்கள் செய்தது. கெல்ட்ரான் 1970களில் கண்ணூரில் மின்தேக்கித் தொழிலைத் தொடங்கியது. 'உள்நாட்டுத் தயாரிப்பு' என்ற விளம்பரச் சொல்லின் அளவை அரசாணைகளைவிட மின்சுற்றுப் பலகை தெளிவாகக் காட்டும். பல உறுப்புகளின்மேல் ஆண்டும் வாரமும் நான்கு இலக்கங்களாக அச்சிடப்பட்டிருக்கும். 8617 என்றால் 1986இன் 17ஆம் வாரம். என் பலகையில் ஜப்பானியப் பெயர்களுக்கு நடுவே கண்ணூர் முத்திரையோடு இரண்டு இருந்தன. சோதித்ததில் அவ்விரண்டின் அளவும் சரியாகவே இருந்தது.

"நல்லா இருக்கிறதையும் மாத்திடுங்க. ஒண்ணு போச்சுன்னா பக்கத்துல இருக்கிறதையும் இழுத்துட்டுப் போகும்" என்றார் அவர். தொழில்முறையில் அவர் சொல் சரி. கசியும் மின்பகுநீர் செம்புத் தடங்களை அரித்துவிடும்; அப்போது சான்றும் மிஞ்சாது, திரையும் மிஞ்சாது. ஆனால் ஆய்வாளனுக்கு, மாற்றிய பின் எஞ்சுவது 1980களின் மானிட்டரா, 1980களின் உறையில் நேற்றைய பொருளா?

நான் அவர் சொன்னபடியே செய்தேன், ஒரு நிபந்தனையோடு. கழற்றுமுன் பலகையின் இருபுறமும் படமெடுத்தோம். 14 மின்தேக்கிகளும் இடக்குறி எழுதிய தனித்தனித் தாளுறைகளில் இப்போது என் மேசையில் உள்ளன. புதியவை 105 பாகை வகை. கண்ணூர் முத்திரையிட்ட இரண்டின் உறைகளில் மட்டும், கழற்றிய நாளன்று அளந்த மதிப்பையும் எழுதிவைத்திருக்கிறேன். குப்பைக்கூடையை நோக்கிச் சென்ற தம் கையை ஒவ்வொரு முறையும் தடுத்தது ஏனென்று கடைக்காரர் கடைசிவரை கேட்கவில்லை. உறைகளுக்கும் சேர்த்து இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.