நெய்யில் ஒரு பட்டினி

‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஜுரம் வந்தால் பட்டினி. வயிறு கெட்டால் பட்டினி. காசு செலவில்லாத வைத்தியம். ஆனால் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடக்க முடியுமா? முடியும் என்று 1921-ஆம் ஆண்டில் அமெரிக்க டாக்டர் ஒருவர் எழுதினார். இன்று ‘கீட்டோ’ என்ற பெயரில் கல்யாண வீடுகளிலும் ரயில் பெட்டிகளிலும் பேசப்படுகிற பத்தியம் அப்படிப் பிறந்ததுதான். உடம்பு இளைப்பதற்காகப் பிறந்ததல்ல அது. வலிப்பு நோயால் துடித்த குழந்தைகளுக்காகப் பிறந்தது. நானும் அந்தப் பத்தியத்தில் மூன்று மாதம் இருந்தவன். ஆகவே அதன் கதையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

வலிப்புக்குப் பட்டினி மருந்து என்ற எண்ணம் பழைய கிரேக்க வைத்தியர்களிடமே இருந்தது. 1911-இல் பாரிஸில் கெல்ப்பா, மாரி என்ற இரு டாக்டர்கள் நோயாளிகளைப் பட்டினி போட்டுப் பார்த்து, வலிப்பின் கடுமை குறைந்ததாக எழுதினார்கள். பிறகு அமெரிக்காவில் மிஷிகன் மாகாணத்தைச் சேர்ந்த பாட்டில் கிரீக் என்ற ஊரில் ஹ்யூ காங்க்லின் என்பவர் துணிந்து இறங்கினார். நோயாளிகளுக்கு 25 நாள் வரை வெறும் தண்ணீர்தான். குடலிலிருந்து கிளம்பும் ஏதோ ஒரு விஷம் மூளைக்கு ஏறுவதால்தான் வலிப்பு வருகிறது என்பது அவர் சித்தாந்தம். சித்தாந்தம் தவறு. ஆனால் விந்தையைப் பாருங்கள், பல குழந்தைகளுக்கு வலிப்பு என்னவோ நின்றது!

நின்றதில் ஒரு சங்கடமும் இருந்தது. பட்டினியை முடித்து மறுபடி ரொட்டியும் பாலும் கொடுத்தால், போன வலிப்பு பல குழந்தைகளுக்குத் திரும்பி வந்தது. எத்தனை நாளைக்குத்தான் ஒரு குழந்தையைப் பட்டினி போடுவது? வளர வேண்டிய உடம்பல்லவா?

இந்த இடத்தில்தான் மினசோட்டா மாகாணத்து மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸல் வைல்டர் என்ற டாக்டர் வருகிறார். அவர் யோசித்த வழி எளிமையானது. சோறும் ரொட்டியும் சர்க்கரையும் உள்ளே போகாவிட்டால், உடம்பு தன் கொழுப்பை எடுத்து எரிக்கத் தொடங்குகிறது. அப்போது கல்லீரல் அந்தக் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற பொருள்களைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. பட்டினியில் குணம் தருவது இந்த மாறுதல்தான் என்றால், பட்டினி எதற்கு? மாவுப் பண்டத்தை நிறுத்திவிட்டு வெண்ணெயையும் பாலாடையையும் கொடுத்தாலே உடம்பு அதே வேலையைச் செய்யுமே! இலையில் உணவு இருக்கும். உடம்பு மட்டும் உபவாசத்தில் இருக்கும். இதற்குக் ‘கீட்டோஜெனிக் உணவு’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். 1925-இல் பீட்டர்மன் என்ற டாக்டர் அதே கிளினிக்கில் கணக்கை வகுத்தார். குழந்தையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம் புரதம், நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து, மீதியெல்லாம் கொழுப்பு.

நான் இந்தப் பத்தியத்துக்கு வந்த வழி வேறு. ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, உடம்பைக் குறையுங்கள் என்றார் எங்கள் டாக்டர். முதலில் இராச் சாப்பாட்டுக்கும் மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவே 16 மணி நேரம் ஒன்றும் உண்ணாமல் பழகினேன். பிறகு அரிசியைத் துறந்தேன். பன்னீர், தேங்காய், கீரை, வெண்ணெய், நெய். மூன்றாம் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. உடம்பிலிருந்து நீரும் உப்பும் கழிந்து போவதால் வருவது அது என்று டாக்டர் சொல்லி, உப்புப் போட்ட தண்ணீர் குடிக்கச் சொன்னார். ஐந்தாம் நாள் தலை தெளிந்தது. பசி என்ற தொந்தரவும் அடங்கிவிட்டது. ஆனால், “உங்கள் பக்கத்தில் வந்தாலே நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர் வாசனை அடிக்கிறது” என்றாள் என் மனைவி.

அவள் மூக்கு பொய் சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் அசிடோன், கீட்டோன்களில் ஒன்று. நீண்ட உபவாசம் இருக்கிறவர்களிடமும் இதே வாசனை உண்டு. 1948 ஜனவரியில் டில்லியில் காந்தியடிகள் தமது கடைசி உபவாசத்தை இருந்தபோது, அவரது சிறுநீரில் அசிடோன் காணப்படுவதாக டாக்டர்கள் கவலைப்பட்டார்கள். மகாத்மாவின் தவத்துக்கும் என் வெண்ணெய்க்கும் உடம்பு ஒரே முத்திரையைத்தான் குத்துகிறது. யார், எதற்காக என்று அது கேட்பதில்லை.

மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறைந்தேன். சர்க்கரையும் இறங்கியது. இதைப் படித்துவிட்டு யாரும் உடனே நெய் டப்பாவைத் திறந்துவிட வேண்டாம். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்குவது ஆபத்து.

உடம்பு இளைப்பதற்காக மாவுப் பண்டத்தை விடுவது இன்னும் பழைய கதை. லண்டனில் வில்லியம் பான்டிங் என்று ஒருவர். அரச குடும்பத்துச் சவ அடக்கங்களை நடத்தி வைத்த கம்பெனிக்காரர். 1862-இல் அவர் எடை 202 பவுண்டு. ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் விட்டு ஏறக்குறைய 46 பவுண்டு இளைத்து, 1863-இல் அதைப் பற்றிச் சிறு புத்தகம் போட்டார். ஸ்வீடிஷ் மொழியில் பத்தியமிருப்பதற்கு இன்றும் ‘பான்டா’ என்றுதான் பெயர். இளைத்தவர் புகழ் இப்படி அகராதி ஏறியது.

குழந்தைகளின் கதை அப்படி ஏறவில்லை. 1938-இல் பாஸ்டனில் மெரிட், புட்னம் இருவரும் வலிப்புக்கு ஃபெனிடாயின் பயன்படுவதை நிரூபித்தார்கள். ஒரு மாத்திரையை விழுங்குவது எங்கே, ஒவ்வொரு கவளத்தையும் தராசில் நிறுப்பது எங்கே! பத்தியம் மறக்கப்பட்டது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் மில்லிசென்ட் கெல்லி என்ற உணவு நிபுணர் போன்ற ஒரு சிலரே அதை அணையாமல் காத்தார்கள். 1993-இல் ஜிம் ஆபிரகாம்ஸ் என்ற ஹாலிவுட் டைரக்டரின் கைக்குழந்தை சார்லிக்கு வலிப்பு வந்தது. மருந்துகளும் கேட்கவில்லை, மூளை ஆபரேஷனும் கேட்கவில்லை. தகப்பனார் தாமே நூல்நிலையத்தில் தேடி இந்தப் பத்தியத்தைக் கண்டுபிடித்தார். சில நாளில் வலிப்பு நின்றது. 2008-இல் லண்டன் டாக்டர்கள் மருந்துக்குக் கட்டுப்படாத 145 குழந்தைகளை இரு பிரிவாக்கிச் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தவர்கள், பத்தியமிருந்த பிரிவில் நூற்றுக்கு 38 பேர். இல்லாத பிரிவில் 6 பேர்.

எல்லோருக்கும் பலிக்காது என்பதையும் அந்தக் கணக்கே சொல்கிறது. ஆனால் 38 என்பது எவ்வளவு பெரிய எண் என்பதை என் சித்தப்பா மகள் வீட்டில்தான் கண்டேன். அவள் பையனுக்கு ஆறு வயது. நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை வலிப்பு. மருந்து மூன்று மாற்றியும் பயனில்லாமல் இந்தப் பத்தியத்துக்கு வந்தார்கள். சமையலறையில் நகைக்கடையில் இருப்பது போன்ற சிறு தராசு. வெண்ணெய் இவ்வளவு, முட்டை இவ்வளவு, வெள்ளரித் துண்டு இவ்வளவு. தட்டில் ஒட்டிய வெண்ணெயையும் வழித்து ஊட்டினாள். பையன் சமர்த்தாகத் தின்றான். வலிப்பு வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று குறைந்திருந்தது.

“நானும் இதே பத்தியத்தில்தான் இருக்கிறேன்” என்றேன், அவளுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று.

அவள் சிரித்தாள். “அண்ணா, உங்களுக்கு அலுத்துப் போனால் நாளைக்கே இரண்டு இட்லி சாப்பிட்டு விடலாம். இவன் பள்ளிக்கூடத்தில் யாரோ பிறந்த நாள் மிட்டாய் கொடுத்தார்கள். பிரிக்காமல் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.”

விரதம் என்பது வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு. என் பத்தியத்தில் அந்தச் சுகம் இருந்தது. கல்யாணப் பந்தியில் பாயசத்தை மறுத்தபோது கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பையனுக்குப் பெருமை ஏது? மிட்டாய் எவ்வளவு இனிக்கும் என்பதும் தெரியும், தின்றால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அவ்வளவுதான்.

இந்தச் சரித்திரத்தில் கெல்ப்பா இருக்கிறார், காங்க்லின் இருக்கிறார், வைல்டர் இருக்கிறார். நூறு வருஷமாகத் தராசின் முன் உட்கார்ந்து வெண்ணெயைக் கிராம் கணக்கில் நிறுத்த தாய்மார்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. டாக்டர்கள் கண்டுபிடித்தது கணக்கு. அதை ஒரு நாளைக்கு மூன்று வேளை, வருஷக்கணக்காக, தவறாமல் போட்டவர்கள் அவர்கள்.